சுவாதீனம் யாரிடம்?

தென்மாவட்டங்களின் கீழ்க்கோர்ட்டுகளில் ஒரு நிலத்தகராறு பெரும்பாலும் தமிழில்தான் நடக்கிறது. கிரயப் பத்திரம் தமிழ், பாகப்பிரிவினை தமிழ், உயில் தமிழ், கூண்டில் ஏறிய சாட்சி சொன்னதும் தமிழ். அதே வழக்கு அப்பீலாக உயர் நீதிமன்றத்துக்கு ஏறும்போது அத்தனையும் ஆங்கிலமாக வேண்டும். அரசியலமைப்பின் 348ஆவது பிரிவு, உயர் நீதிமன்ற நடவடிக்கைகளின் மொழி ஆங்கிலம் என்கிறது. 2004 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்த பிறகு, இந்த மொழிபெயர்ப்பு வேலை மேலூர் சாலைப் பக்கம் பல வீடுகளுக்குச் சோறு போடும் தொழிலாயிற்று. நான் அந்தத் தொழிலைச் செய்கிறவள். வக்கீல் அலுவலகங்கள் அனுப்பும் பத்திரங்களையும் சாட்சியங்களையும் ஆங்கிலமாக்கி, உண்மையான மொழிபெயர்ப்பு என்ற சான்றோடு, கோர்ட்டில் தாக்கல் செய்யும் டைப்செட்டில் சேர்ப்பதற்காகக் கொடுக்கிறேன்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரிய சொற்களைக் கண்டுதான் பயப்படுவார்கள். போக்கியம், ஒத்தி, அனுபோகம், தான செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம் என்று பத்திரத்தின் சொற்கள் அவர்களை மிரட்டும். அந்தப் பயம் சில மாதங்களில் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட பெயர்ச்சொல் உண்டு. எழுதிவைத்துக்கொண்டால் போதும். ஆண்டுகள் போனாலும் கவனம் குறையக் கூடாத இடம் வேறு. அந்தப் பெயர்ச்சொல்லை ஒட்டி முன்னும் பின்னும் நிற்கும் சின்னச் சொல்தான் அது. பள்ளிக்கூட இலக்கணம் முன்னிடைச்சொல் என்கிறது. நாங்கள் பிரிபொசிஷன் என்றே சொல்கிறோம். நிலத்தை யார் வைத்திருக்கிறார், யார் கொடுத்தார், யார் வாங்கினார், யார்மீது வழக்கு என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் அதுதான் சொல்கிறது.

'பொசஷன்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்குகிறேன். சிவில் வழக்கில் அதைவிட அதிகம் புழங்கும் சொல் இல்லை. தமிழ்ப் பத்திரத்தில் அது சுவாதீனம். ஆளை எழுவாயாக வைத்தால் ஆங்கிலத்தில் 'இன் பொசஷன் ஆஃப்' என்று வரும். 'ஆஃப்' என்பதற்குப் பின்னால் நிலம் நிற்கும். நிலத்தை எழுவாயாக வைத்தால் 'இன் த பொசஷன் ஆஃப்' என்று வரும். பின்னால் ஆள் நிற்பார். வாதி நிலத்தைத் தன் வசம் வைத்திருக்கிறார் என்பது முதலாவது. நிலம் வாதியின் வசம் இருக்கிறது என்பது இரண்டாவது. நடுவில் வரும் 'த' ஒன்றே வேறுபாடு.

நிலத்தைப் பற்றிய வாக்கியத்தில் இது பிசகினால் படிப்பவர் தாமே திருத்திப் படித்துக்கொள்வார். நிலம் மனிதரை வைத்திருக்காது. ஆபத்து இரு பக்கமும் மனிதர்கள் இருக்கும்போது வருகிறது. 'சார்ஜ்' என்ற பெயர்ச்சொல்லும் இதே வழியில்தான் போகும். தாய் இறந்த மைனர் பிள்ளை பாட்டியின் பொறுப்பில் இருக்கிறது என்று ஒரு மனுவில் வருகிறது. பாட்டியை எழுவாயாக்கி 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். 'இன் த சார்ஜ் ஆஃப்' என்றால் பாட்டியே இன்னொருவரின் பராமரிப்பில் இருக்கிறார். இரண்டு வாக்கியமும் இலக்கணப்படி சரி. படிப்பவருக்குச் சந்தேகமே வராது. வயதான பாட்டி, பேரப்பிள்ளையின் தகப்பன் வீட்டாரோடு கார்டியன் வழக்கு நடத்திக்கொண்டிருக்கும் இடத்தில் அந்தச் சந்தேகமின்மைதான் கெடுதல்.

'பொசஷன்' ஏன் இத்தனை பாடு படுத்துகிறது என்று நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன். உரிமையைக் குறிக்கும் மற்ற ஆங்கிலப் பெயர்ச்சொற்களோடு வைத்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. 'டைட்டில்' என்பதைப் பாருங்கள். உடையவருக்கு 'ஆஃப்', உடைமைக்கு 'டு'. விற்பவரின் டைட்டில் என்றால் 'ஆஃப்'. நிலத்தின்மேல் உள்ள டைட்டில் என்றால் 'டு'. வாரிசைக் குறிக்கும் 'ஏர்' என்ற சொல்லும் அப்படித்தான்: இறந்தவரின் வாரிசு என்னும்போது 'ஆஃப்', சொத்துக்கு வாரிசு என்னும்போது 'டு'. 'ரைட்' அப்படியே: மனைவியின் உரிமைக்கு 'ஆஃப்', ஜீவனாம்சம் பெறும் உரிமைக்கு 'டு'. 'கன்சென்ட்' அப்படியே: கார்டியனின் சம்மதத்துக்கு 'ஆஃப்', கிரயத்துக்குச் சம்மதம் என்றால் 'டு'. ஆள் ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு சொல், பொருளுக்கு ஒரு சொல் என்று இவையெல்லாம் ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கின்றன. 'பொசஷன்' என்ற சொல்லோ ஆளுக்கும் 'ஆஃப்', பொருளுக்கும் 'ஆஃப்' என்று வைத்துக்கொண்டது. ஆகவே யார் யாரை என்ற சுமை முழுதும் முன்னால் நிற்கும் சொற்களில் விழுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு 'பொசஷன்' வரும் இடமெல்லாம் தனியாக நின்று பார்க்கும் பழக்கம் வந்தது.

'டைட்டில் ஆஃப் த லேண்ட்' என்று எழுதுகிறவர்கள் நிறைய. தமிழில் நிலத்தின் உரிமை என்று இருப்பதை அப்படியே இறக்கிவைக்கிறார்கள். பொருள் ஒருவாறு விளங்கும் என்றாலும், பொருளைச் சுட்டி 'டைட்டில் ஆஃப்' என்றால் ஆங்கிலக் காதுக்குப் புத்தகத்தின் தலைப்பு, வழக்கின் தலைப்பு போலத்தான் கேட்கும். டைட்டிலையும் பொசஷனையும் தனித்தனியே சரியாகச் சொல்ல வேண்டியதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, சட்டவழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வந்தால், டைட்டில் யாருடையது என்ற கேள்விக்குப் போகாமலே பொசஷனைத் திரும்பப் பெற வழி செய்கிறது. அதே ஆண்டின் காலவரையறைச் சட்டம் டைட்டிலை அடிப்படையாக வைத்துச் சொத்தை மீட்கும் வழக்குக்கு 12 ஆண்டு என்கிறது. எதிரிடை அனுபோகம் என்று கோர்ட்டில் நாம் கேட்கும் வாதம் எல்லாம் அந்த 12 ஆண்டைச் சுற்றித்தான் நடக்கிறது. ஒருவரிடம் டைட்டில் இருக்கலாம், இன்னொருவரிடம் பொசஷன் இருக்கலாம். இரண்டையும் குழப்பிய மொழிபெயர்ப்பு வழக்கையே குழப்பிவிடும்.

பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் தனக்கான பிரிபொசிஷனைத் தானே வைத்துக்கொள்கிறது என்பதற்கு நான் இளையவர்களுக்குக் காட்டும் இடம் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 54ஆவது பிரிவு. கிரய ஒப்பந்தம் போட்டதாலேயே சொத்தில் ஒருவருக்கு எந்தப் பாத்தியமும் வந்துவிடாது, சொத்தின்மேல் எந்தப் பொறுப்பும் ஏறிவிடாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. 'இன்ட்ரஸ்ட்' என்ற சொல்லுக்கு 'இன்' கொடுத்து, 'சார்ஜ்' என்ற சொல்லுக்கு 'ஆன்' கொடுத்து, இரண்டுக்கும் பொதுவாகச் சொத்து என்பதை ஒரே ஒருமுறை எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் ஒரு பிரிபொசிஷனை மிச்சம் பிடிக்க நினைக்கவில்லை. பாத்தியம் சொத்துக்குள்ளே இருக்கும் ஒரு பங்கு. அதற்கு உள்ளே என்று பொருள்படும் சொல் வேண்டும். சார்ஜ் சொத்தின்மேல் ஏறியிருக்கும் பாரம். அதற்கு மேலே என்று பொருள்படும் சொல் வேண்டும். பாகத்தைக் குறிக்கும் 'ஷேர்' முதலாவதோடு போகும், வில்லங்கத்தைக் குறிக்கும் 'என்கம்பரன்ஸ்' இரண்டாவதோடு போகும். இப்படிப் படமாக நினைத்துப் பார்த்தால் பாதிப் பெயர்ச்சொற்களுக்கு விடை கிடைத்துவிடும்.

அதே 'இன்ட்ரஸ்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'ஆன்' வைத்தால் அது வட்டியாகிவிடும். அடமானப் பத்திரம் ஒன்றில் ஒரே பக்கத்தில் கடன்மேல் வட்டியும் வரும், சொத்தில் பாத்தியமும் வரும். தமிழில் அவை வேறு வேறு சொற்கள், யாரும் தடுமாற மாட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டையும் பிரித்து நிறுத்துவது பிரிபொசிஷன்தான். தட்டச்சில் ஓர் எழுத்து மாறினால் வீட்டில் உள்ள பாத்தியம் வீட்டின்மேல் வட்டியாக மாறி நிற்கும். எழுத்துப்பிழை பார்க்கும் கணினிக்கு அது பிழையாகவே தெரியாது.

இனி தமிழ்ப் பக்கத்தில் உள்ள சிக்கலுக்கு வருகிறேன். நம் மொழி வேற்றுமை உருபை மறைத்துப் பேசத் தயங்காது. பாதை வழக்கு, வாய்க்கால் உரிமை, அண்ணன் கிரயம், தகப்பனார் கடன் என்று சாட்சிகள் சொல்லிக்கொண்டே போவார்கள். பள்ளியில் தமிழய்யா கரும்பலகையில் எழுதி விரித்துக்காட்டிய வேற்றுமைத்தொகைகள்தாம் இவை. அங்கே விரிப்பது மதிப்பெண்ணுக்கு. இங்கே விரிக்காமல் ஒரு வரிகூட எழுத முடியாது, ஏனென்றால் ஆங்கிலம் அந்த உறவை வெளியே எடுத்துவைக்கச் சொல்கிறது.

அண்ணன் கிரயம் என்பது அண்ணன் விற்றதா, அண்ணன் வாங்கியதா? விற்றதென்றால் 'சேல்' என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் 'பை', வாங்கியதென்றால் 'டு'. தகப்பனார் கடன் என்பது தகப்பனார் பட்ட கடனா, தகப்பனாருக்கு வரவேண்டிய கடனா? கிராமத்தில் அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் கேள்வியே இல்லை. அவர்கள் பேச்சில் தொகை நிறைவான பொருள் தருகிறது. எனக்கு முன்னால் இருப்பது காகிதம் மட்டும். ஆகவே அதே சாட்சியின் முதல் விசாரணையை, குறுக்கு விசாரணையை, பிராதை, எதிருரையை எல்லாம் படித்துப் பார்த்துத்தான் அந்த ஒரு சின்னச் சொல்லை முடிவு செய்ய முடியும். எங்கும் விடை இல்லையென்றால் வக்கீலின் குமாஸ்தாவுக்குப் போன் போட்டுக் கேட்பேன். "மேடம், ஒரு எழுத்துக்கா இவ்வளவு?" என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் இப்போது தாங்களே கட்சிக்காரரிடம் விசாரித்துவிட்டு வழக்குக் கட்டை அனுப்புகிறார்கள்.

இந்த வாசிப்பை எனக்குப் பழக்கியவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். ஆங்கிலம் அவருக்கு அதிகம் பழக்கமில்லை. "எழுதிக் கொடுக்குறவரு யாரு, எழுதி வாங்குறவரு யாரு, சொத்து எது, மூணையும் விரலால தொட்டுக் காட்டு தாயி. அப்புறம் வாசி" என்பார். பழைய பத்திரங்களில் ஒரே வாக்கியம் இரண்டு பக்கத்துக்குப் போகும். புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய் என்று சொற்கள் கோவையாக வரும். அந்த நீளத்துக்குள் நின்று மூன்றையும் தொட்டுக் காட்டத் தெரிந்துவிட்டால், 'ஆஃப்' எங்கே, 'டு' எங்கே, 'பை' எங்கே என்பது தானாக விழும். பிரிபொசிஷனைத் தீர்மானிக்கும் பாதி வேலை தமிழை வாசிப்பதில் இருக்கிறது என்று நான் சொல்வதற்கு அவரே காரணம்.

தமிழ் இலக்கணிகள் இதில் நமக்கு முன்னோடிகள். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்றே ஓர் இயல் உண்டு. ஓர் உருபின் இடத்தில் இன்னோர் உருபு வரும், ஒரு பொருளுக்கு இரண்டு உருபும் பொருந்தும் என்பதையெல்லாம் அது ஆராய்கிறது. உருபு வேறு, அது தரும் உறவு வேறு என்ற தெளிவு நம்மிடம் அத்தனை பழையது. நான் இளையவர்களிடம் சொல்வதும் அதுதான்: 'கு' வந்தால் 'டு', 'இல்' வந்தால் 'இன்' என்று உருபுக்கு உருபு மாற்றாதே. உருபு காட்டும் உறவைப் பிடி. பிறகு ஆங்கிலப் பெயர்ச்சொல் அந்த உறவுக்கு எந்தச் சொல்லை வைத்திருக்கிறது என்று பார்.

உருபுக்கு உருபு மாற்றுவதால் வரும் கேடு வேறெங்கும் தெரியாத அளவுக்குச் செக்குபந்தியில் தெரியும். பழைய பத்திரங்களில் நான்கெல்லை இப்படி வரும்: ஓடைக்கு வடக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, கோயில் நிலத்துக்குத் தெற்கு, புளியந்தோப்புக்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள நஞ்சை. ஓடைக்கு வடக்கே நம் நிலம் இருக்கிறது என்பது பொருள். அப்படியானால் ஓடை நம் நிலத்தின் தெற்கெல்லை. ஆங்கில ஷெட்யூலில் பொதுவாக வடக்கெல்லையில் என்ன, தெற்கெல்லையில் என்ன என்று நிலத்துக்குள் நின்றுகொண்டு எழுதுவார்கள். வடக்கு என்ற சொல்லைக் கண்டதும் வடக்கெல்லை ஓடை என்று எழுதிவிட்டால் நிலம் தலைகீழாகப் புரண்டுவிடும்.

'நார்த்' என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மூன்று பிரிபொசிஷன்கள் வரலாம், மூன்றும் மூன்று இடம். ஊரின் எல்லைக்குள்ளேயே வடபகுதியில் என்றால் 'இன்'. வடக்கு விளிம்பை ஒட்டி என்றால் 'ஆன்'. எல்லைக்கு வெளியே வடதிசையில் என்றால் 'டு'. ஓடைக்கு வடக்கு என்பதை 'டு த நார்த் ஆஃப்' என்று எழுதினால் தமிழில் உள்ளபடியே நிற்கும். ஓடையை எல்லையாகச் சொல்ல வேண்டுமென்றால் திசையைத் திருப்பி, 'ஆன் த சவுத் பை' என்று எழுத வேண்டும். வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும்படி என்னிடம் வந்த ஒரு கட்டில் நான்கு திசையும் இப்படி மாறிக் கிடந்தன. சர்வே புலப்படத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மொழிபெயர்ப்பின்படி நிலம் ஓடைக்கு அந்தப் பக்கம், வேறு ஊராருடைய பட்டாவில் விழுந்தது. பரப்பளவும் எல்லையும் ஒத்துப்போகாத இடத்தில் கோர்ட்டுகள் பொதுவாக எல்லைக்கே முதன்மை கொடுக்கின்றன என்பதை நினைத்தால், அந்த நான்கு வரிகளின் கனம் தெரியும். அதன்பிறகு புலப்படம் இல்லாமல் செக்குபந்தியை முடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

கிரிமினல் கட்டுகளில் வேறுவிதமான கவனம் வேண்டும். அங்கே பெயர்ச்சொற்கள் உடம்பையும் மனத்தையும் பற்றியவை. காயத்தைச் சொல்லும்போது, தோலில் எங்கே தெரிந்தது என்றால் 'ஆன்', எந்த உறுப்பு கேடடைந்தது என்றால் 'இஞ்சுரி' என்ற சொல்லுக்குப் பின் 'டு'. தலையில் காயம் என்று சாட்சி சொன்னால் அவர் பார்த்ததைத்தான் நான் எழுத வேண்டும். டாக்டர் சொல்ல வேண்டியதைச் சாட்சியின் வாயில் நான் வைக்கக் கூடாது. முயற்சியைக் குறிக்கும் 'அட்டெம்ப்ட்' என்ற சொல்லும் அப்படித்தான். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 307ஆவது பிரிவும், அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 109ஆவது பிரிவும் கொலை முயற்சியைத் தலைப்பில் சொல்வது 'டு' போட்டுத்தான். ஒருவர் உயிருக்குக் குறிவைத்தார்கள் என்று செய்தி போலச் சொல்லும்போது 'ஆன்' வரும். சமரசத்துக்கு முயன்றார்கள் என்றால் 'அட்' வரும். சட்டப்பிரிவின் பெயரையும் சாட்சியின் பேச்சையும் கலக்காமல் வைக்க இந்த மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

'விட்னஸ்' என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. உயிலில் கையெழுத்திட்டவர் 'விட்னஸ் டு'. வாதி தரப்பில் கூண்டேறுபவர் 'விட்னஸ் ஃபார்'. எதிராகச் சொல்பவர் 'விட்னஸ் அகெயின்ஸ்ட்'. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63ஆவது பிரிவில் உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும் என்கிறது. உயில் வழக்கில் அவர்களில் ஒருவர் கூண்டேறி எழுதியவரின் கையெழுத்தைப் பற்றிச் சொல்வார். அப்போது அவர் உயிலுக்கும் சாட்சி, வாதிக்கும் சாட்சி. சில வேளை உயிலுக்குச் சாட்சியாக இருந்தவரே மாறிப்போய் எதிர்த்தரப்பில் பேசுவார். தமிழில் உயில் சாட்சி, வாதி சாட்சி என்று தொகையாகவே இருக்கும். 'டு' எது, 'ஃபார்' எது என்று பிரித்தெழுதாவிட்டால் அவர் எந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்பது நீதிபதிக்குத் தெரியாது.

இனி எங்கள் மேசைக்கு ஓயாமல் வரும் கால தாமத மனு. தாமதத்தைக் குறிக்கும் 'டிலே' என்ற பெயர்ச்சொல் பின்னால் இரண்டு பிரிபொசிஷனை ஏற்கும். 45 நாள் தாமதம் என்று அளவைச் சொல்ல 'ஆஃப்'. அப்பீல் தாக்கல் செய்வதில் தாமதம் என்று செயலைச் சொல்ல 'இன்'. இரண்டும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வரும், இடம் மாறாது. அடுத்தது காரணம். தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் பாதை பிரிகிறது. 'ரீசன்' என்றால் 'ஃபார்' வரும். 'காஸ்' என்ற சொல் இரண்டையும் ஏற்கும்: ஒன்றை விளைவித்த காரணம் என்றால் 'ஆஃப்', ஒன்றை நியாயப்படுத்தும் காரணம் என்றால் 'ஃபார்'. காய்ச்சல்தான் தாமதத்தை உண்டாக்கியது என்பது ஒரு செய்தி. தாமதத்தை மன்னிக்கப் போதுமான காரணம் இருக்கிறது என்பது இன்னொன்று. காலவரையறைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு கேட்பது இரண்டாவதை. அதனால் அங்கே 'ஃபார்' இருக்கிறது. வழக்குமூலம் என்று நாம் சொல்லும் 'காஸ் ஆஃப் ஆக்‌ஷன்' என்ற சொல்லாட்சியில் 'ஆஃப்' இருக்கிறது, ஏனென்றால் வழக்கைப் பிறப்பித்தது எது என்பதே அங்கே கேள்வி.

வினைச்சொல்லாக இருக்கும்போது பிரிபொசிஷன் வேண்டாத பல சொற்கள் பெயர்ச்சொல்லானதும் ஒன்றைக் கேட்கும். 'டிமாண்ட்' வினையாக இருந்தால் கேட்ட பொருளை நேராக எடுத்துக்கொள்ளும்; பெயராக இருந்தால் 'ஃபார்' வேண்டும். 'எம்ஃபசிஸ்' என்ற பெயருக்கு 'ஆன்' உண்டு, அதன் வினைக்கு இல்லை. 'ஆன்சர்' பெயராக இருந்தால் 'டு', வினையாக இருந்து கேள்வியை எடுத்துக்கொண்டால் ஒன்றும் வேண்டாம். நம் ஊர் அஃபிடவிட்டுகளில் வினைக்குப் பின்னாலும் 'ஃபார்', 'ஆன்' என்று ஒட்டிக்கொள்வது இந்தப் பெயர்ச்சொற்களின் பழக்கத்தால்தான். பெயரா வினையா என்று ஒரு கணம் பார்த்தால் போதும்.

சட்ட ஆங்கிலமும் பத்திரிகை ஆங்கிலமும் பிரியும் இடங்களும் உண்டு. தீர்ப்பை எதிர்த்து அப்பீல் என்பதற்குப் பத்திரிகைகள் 'அப்பீல் அகெயின்ஸ்ட்' என்று எழுதுகின்றன, அது நல்ல ஆங்கிலம்தான். 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் 96ஆவது பிரிவில் 'ஃப்ரம்' போடுகிறது. எந்தத் தீர்ப்பாணையிலிருந்து என்பதற்கு 'ஃப்ரம்', எந்தக் கோர்ட்டுக்கு என்பதற்கு 'டு'. வக்கீல்கள் இரண்டு வழியிலும் எழுதுவார்கள். மொழிபெயர்ப்பில் நான் சட்டத்தின் சொல்லையே பிடித்துக்கொள்கிறேன், ஒரே கட்டில் இரண்டையும் கலப்பதில்லை. நோயிலிருந்து காப்பு என்பதையும் வழக்கிலிருந்து காப்பு என்பதையும் 'இம்யூனிட்டி' ஒன்றே சொல்லும். நோய்க்கு 'டு', வழக்குக்கு 'ஃப்ரம்'. துறை மாறும்போது சொல்லும் மாறும்.

எதைப் பார்த்துக் கற்பது என்று கேட்கிறார்கள். என் தலைமுறைக்கு ரென் அண்ட் மார்ட்டின்தான் முதல் துணை. எந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் எது வரும் என்று பிரிபொசிஷன் வாரியாக அதில் பட்டியல் உண்டு, மனப்பாடம் செய்தோம். அதற்குப் பிறகு எனக்குக் கைகொடுத்தது ஹார்ன்பியின் அகராதி. ஏ.எஸ். ஹார்ன்பி 1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனவர். அங்கே அவரும் இன்னும் இருவரும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்போர்டு அதை எடுத்து வெளியிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவருக்குச் சொல்லின் பொருள் மட்டும் போதாது, அது வாக்கியத்தில் எதனோடு சேரும் என்பதும் வேண்டும் என்று கண்டு செய்த அகராதி அது. 1986இல் வந்த பிபிஐ அகராதி சேர்க்கைகளுக்காகவே தொகுத்தது. பெயர்ச்சொல்லும் பிரிபொசிஷனும் சேர்வதை முதல் வகையாக வைத்திருக்கிறார்கள். இவற்றோடு, எங்கள் தொழிலுக்கு, சட்ட வாசகத்தை மட்டும் தரும் பேர் ஆக்ட் நூல்களைவிட நல்ல அகராதி இல்லை.

நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் பட்டியலைத் திருப்பிப் போட்டேன்: பெயர்ச்சொல் மேலே, அதன் கீழே உறவு உறவாக. 'கிளெய்ம்' என்ற சொல்லின் கீழே ஐந்து வரிகள். கோருகிறவருக்கு 'ஆஃப்', கோரும் நிலத்துக்கு 'டு', கோரும் நஷ்டஈட்டுக்கு 'ஃபார்', யாரிடம் கோருகிறாரோ அவருக்கு 'அகெயின்ஸ்ட்', எந்தச் சொத்திலிருந்து தீர்க்க வேண்டுமோ அதற்கு 'ஆன்'. இப்படி எழுதியதும் அது பட்டியலாக இல்லாமல் ஒரு வழக்கின் வரைபடமாகவே இருந்தது. வாதி, சொத்து, பரிகாரம், பிரதிவாதி எல்லாரும் அந்த ஐந்து வரிக்குள் வந்துவிட்டார்கள். என்னிடம் பழகும் பிள்ளைகள் முதலில் செய்வது இந்த நோட்டைத் தங்கள் கையால் படியெடுப்பதுதான். "அக்கா, இதுக்கு ஆப் இருக்குமே" என்பார்கள். இருக்கும். கணினி இப்போது முதல் வரைவையே தந்துவிடுகிறது. பெயர்ச்சொற்களைப் பெரும்பாலும் சரியாகவும் தருகிறது. ஆனால் அண்ணன் விற்றாரா வாங்கினாரா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. பத்துப் பக்கம் முன்னால், குறுக்கு விசாரணையில் ஓர் அரை வரியாகக் கிடக்கிறது. அதைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் வரைவைத் திருத்துகிறவருக்கு வர வேண்டும். நோட்டை எழுதிய கைக்கு அது சீக்கிரம் வருகிறது.

எங்கள் ஆங்கிலத்தை நம்பியிருப்பவர்களில் பெரும்பாலோர் அதைப் படிக்க முடியாதவர்கள். பெருவிரல் ரேகை வைத்தவர்கள் இருக்கிறார்கள். தங்கள் நிலத்தைப் பற்றி மதுரையில் என்ன எழுதிப் போயிற்று என்று அவர்களால் சரிபார்க்க முடியாது. மேலே உட்கார்ந்து படிப்பவர் அந்த நிலத்தைப் பார்த்திருக்கவும் மாட்டார். இருவருக்கும் நடுவில் இருப்பது நாங்கள் தேர்ந்தெடுத்த சொற்கள் மட்டும். அதனால் கட்டை முடித்ததும் பெயர்களை, சர்வே எண்களை, செக்குபந்தியை ஒருமுறை மூலத்தோடு ஒத்துப் பார்க்கிறேன். பிறகு பொசஷன், டைட்டில், இன்ட்ரஸ்ட், ஷேர், சேல், கிளெய்ம், விட்னஸ் என்று ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் நிறுத்தி, அதன் இரு பக்கமும் யார் நிற்கிறார், எது நிற்கிறது என்று தமிழோடு வைத்துப் படிக்கிறேன். அது முடிந்த பிறகே சான்றில் கையெழுத்திடுகிறேன்.